கடன் பணமும் பங்குப் பணமும்: கிட்டங்கிக் கணக்கு சொல்வது என்ன?

ஜாலான் புசார் என்பதற்கு மலாய் மொழியில் பெரிய சாலை என்று பொருள். அச்சாலையிலும், அங்கிருந்து சிராங்கூன் சாலைப் பக்கமாகப் பிரியும் தெருக்களிலும் ஒரு சிறு கடையின் முதல் எங்கிருந்து வந்தது என்று ஆராயப் புகுந்தால், விடை பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கிவிடும். சொந்தப் பணமும் உறவினர் பணமும் ஒன்று. சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரி கொடுக்கும் தவணை மற்றொன்று. பாங்கிக் கடன் மூன்றாவது. பங்கு வெளியிட்டு ஊரார் பணத்தைத் திரட்டிய சில்லறைக் கடையைக் காண்பது அரிது. சற்றுத் தொலைவில் ராஃபிள்ஸ் பிளேஸ் வட்டாரத்துக் கம்பெனிகளோ, ஒருவரையொருவர் முகம் பார்த்தறியாத பல்லாயிரம் பேரின் பணத்தைக் கொண்டு நடைபெறுகின்றன.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் கடையின் அளவுதான் என்று கூறுவது பாதி விடையே. பணம் போட்டவர் எதைக் கண்ணால் காண முடிகிறது, காண்பதற்கு அவருக்கு என்ன ஊக்கம் இருக்கிறது என்பதில் மறுபாதி அடங்கியுள்ளது. மொத்த வியாபாரியின் ஆள் வாரந்தோறும் கடைக்கு வருகிறான். எந்தச் சரக்கு தேங்கியிருக்கிறது, எது விற்றுப் போயிற்று என்பதை அலமாரியைப் பார்த்தே அறிந்துகொள்கிறான். சந்தேகம் எழுந்தால் அடுத்த சரக்கை நிறுத்திவிடலாம். பாங்கி அதிகாரிக்குத் தெரியாத செய்தி அவனுக்குத் தெரிகிறது. அதனால்தான் பாங்கி கொடுக்கத் தயங்கும் தவணையை அவன் முதலாளி கொடுக்கிறார்.

மேனாட்டுப் பொருளியல் அறிஞர்கள் இவ்வுண்மையை ஒரு கொள்கையாக வகுத்திருக்கின்றனர். பிறர் பணத்தை நிர்வகிப்போர் அதைத் தம் சொந்தப் பணம்போல் காப்பார்கள் என்று எதிர்பார்ப்பதற்கில்லை என்பதை ஆடம் ஸ்மித் 1776-ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். அமெரிக்கப் பெருங்கம்பெனிகளில் உடைமை ஓரிடத்திலும் ஆட்சி வேறோரிடத்திலுமாகப் பிரிந்துவிட்டதை பெர்லி, மீன்ஸ் என்னும் இருவர் 1932-இல் விளக்கினர். ஜென்சன், மெக்லிங் ஆகியோர் 1976-இல் எழுதிய கட்டுரை இதை ஒரு கணக்காகவே ஆக்கிற்று. தம் கம்பெனியில் பாதியைப் பிறருக்கு விற்றுவிட்ட முதலாளி, தாம் செய்யும் வீண் செலவிலும் பாதியைத்தான் சுமக்கிறார். ஆகவே செலவில் கை தளர்கிறது. சரி, பங்கு விற்காமல் கடன் வாங்கட்டும் என்றால் வேறொரு தீமை முளைக்கிறது. கடன் பணத்தைச் சூதாட்டத் தொழிலில் போட்டால் வென்ற பணம் வாங்கியவருக்கு, தோற்ற பணம் கொடுத்தவருக்கு! இவ்விரு நஷ்டங்களும் சேர்ந்து எந்த அளவில் மிகக் குறைகின்றனவோ, அந்த அளவில்தான் ஒரு கம்பெனியின் கடனும் பங்கும் கலந்திருக்கும் என்பது அவர்களுடைய முடிவு.

டக்ளஸ் டயமண்ட் 1984-இல் அடுத்த கேள்வியைக் கேட்டார். ஆயிரம் பேர் சேர்ந்து ஒரு தொழிலுக்குக் கடன் கொடுத்தால் அத்தொழிலைக் கண்காணிப்பவர் யார்? ஆயிரம் பேரும் கண்காணித்தால் செலவு கட்டாது. ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டால் பணம் போய்விடும். ஆகவே ஒருவரை நியமிக்க வேண்டும், அவரே பாங்கி. அப்படியாயின் பாங்கியைக் கண்காணிப்பவர் யார்? ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல கடன்களைப் பாங்கி கொடுத்திருக்குமானால், சில கெட்டாலும் மொத்த வரவு ஏறக்குறைய நிச்சயமானது. அதைக்கொண்டு டெபாசிட்டுக்காரருக்குக் குறித்த வட்டியைத் தவறாமல் கொடுத்துவிடலாம். தவறினால் பாங்கி அழியும். ஆகவே டெபாசிட்டுக்காரர் அதை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. டயமண்டுக்கு 2022-ஆம் ஆண்டின் நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது. நுட்பமான வாதம் என்பதில் ஐயமில்லை. ஆனால் “ஒன்றோடொன்று தொடர்பில்லாத” என்ற சொற்களை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கிட்டங்கி

இக்கொள்கையை உரைத்துப் பார்ப்பதற்கு அமெரிக்கா வரை செல்ல வேண்டியதில்லை. சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் நடத்திய கிட்டங்கிகள் அதற்குப் போதும். டேங் ரோட்டிலுள்ள தெண்டாயுதபாணி கோயிலை அவர்கள் 1859-இல் எழுப்பினார்கள் என்பதிலிருந்தே அவர்கள் இந்நகரில் எவ்வளவு முன்னதாகக் காலூன்றினார்கள் என்பது விளங்கும். நீண்ட கூடம் ஒன்றில் பல விலாசங்கள் அருகருகே இருக்கும். ஒவ்வொரு விலாசத்துக்கும் ஒரு மேசைப்பெட்டி, ஒரு பெட்டகம், கணக்குப் புத்தகங்கள். பகலில் தொழில் நடக்கும் அதே இடத்தில் இரவில் பாய் விரித்துப் படுப்பார்கள். ஒருவரிடம் கடன் கேட்டுக் கிடைக்காதவர் அடுத்த பெட்டிக்குப் போனால், அவர் ஏன் அங்கே போகிறார் என்பது கூடம் முழுவதற்கும் தெரியும். பாங்கிகள் இன்று பெரும் பொருள் செலவிட்டுத் திரட்டும் செய்தி அங்கே காதில் வந்து விழுந்தது.

கிட்டங்கியில் இருந்தவர் முதலாளியல்லர். முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார். மூன்றாண்டுத் தவணைக்குச் சம்பளம் பேசி, அதில் ஒரு பகுதியை முன்பணமாகவே கொடுத்து, அதிகாரப் பத்திரம் எழுதி மேலாளை அனுப்பிவைப்பார். அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன், பிறகு சமையற்காரர். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யைப் படித்தவர்களுக்கு இந்த ஏணி புதிதன்று, மேடானில் வட்டிக்கடையில் வேலை பார்த்தவர் அவர். பெட்டியடியில் தொடங்கிய பையன் ஒருநாள் மேலாளாகலாம். பின்னர் சொந்த விலாசமும் வைக்கலாம். கப்பலேறி ஒரு வாரப் பயணத் தொலைவிலிருக்கும் ஒருவனுடைய நேர்மையை எவ்வாறு காப்பது என்ற கேள்விக்கு இந்த ஏணியே பாதி விடை. களவாடிச் சம்பாதிப்பதைவிட உண்மையாயிருந்து மேலேறுவதில் ஆதாயம் அதிகம் என்று கண்டவன் எதற்குக் களவாடுவான்?

மற்றப் பாதி, தவணை முடியும்போது தெரியவரும். புதிய மேலாள் வந்து சேர்ந்த பிறகே பழையவர் ஊர் திரும்புவார். பேரேட்டையும் ஐந்தொகையையும் புதியவர் சரிபார்த்து, ஒவ்வொரு கடனும் வசூலாகுமா என்று விசாரித்துப் பொறுப்பேற்பார். தம் காலத்துக் கணக்கு அழகாகத் தோன்ற வேண்டுமென்று வராக்கடனைப் புதுப்பித்து எழுதிவைக்கும் சபலம் போகிறவருக்கு இருக்கக்கூடும். வருகிறவருக்கோ அதை ஒப்புக்கொள்வதில் எள்ளளவும் ஆதாயமில்லை. இன்று கெட்டது என்று எழுதாவிட்டால், மூன்றாண்டு கழித்துத் தம் தலையில் விழும். இக்காலத்துக் கணக்குப் பரிசோதகர் தாம் பரிசோதிக்கும் கம்பெனியிடமே கட்டணம் வாங்குகிறார். அவருடைய ஊக்கத்தையும் இந்தப் புதிய மேலாளின் ஊக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கத்தக்கது.

இனிக் கடனும் பங்கும். செட்டியார் கணக்கில் முதல் பணம் என்றும் மேம்பணம் என்றும் இரண்டு உண்டு. முதல் பணம் முதலாளியுடையது. இலாபமும் நஷ்டமும் அதைச் சேரும். மேம்பணம் பிறர் நம்பிக் கொடுத்தது. அதில் பங்காளிகள் பணம், ஆச்சிமார் பணம், கோயில் பணம் எல்லாம் அடங்கும். அதற்கு நடப்பு வட்டியோ தவணை வட்டியோ உண்டு. நடப்பு வட்டி இன்னதென்று செட்டியார்கள் மாதந்தோறும் கூடித் தீர்மானிப்பது வழக்கம்.

இங்கே ஒரு வினா. முதலாளி தூரத்தில் இருக்கிறார். தினசரி பார்க்க முடியாது. அப்படியிருக்க, மேலாளுக்குப் பணத்தைக் கடனாகக் கொடுத்து, ஆண்டுக்கு இவ்வளவு வட்டி என்று வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாமே? ஏன் இலாப நஷ்டத்தைத் தாமே சுமந்தார்? ஜென்சன்–மெக்லிங் கொள்கை இதற்குச் சரியான விடை தருகிறது. சொந்தச் சொத்தில்லாத இளைஞனிடம் கடனாகப் பணத்தைக் கொடுத்தால் அவன் அதிக வட்டிக்கு ஆசைப்பட்டு ஆபத்தான இடத்தில் போடுவான். கெட்டால் இழப்பது முதலாளிதான். சம்பளமும் இலாபத்தில் சிறு பங்கும் பெறுபவனுக்கு அவ்வளவு துணிச்சல் வராது. மேம்பணம் போட்ட ஆச்சிக்கோ மலாயாவின் பேரேட்டைப் பார்க்க வழியில்லை. ஆகவே அவருக்குக் குறித்த வட்டி. பார்க்கக்கூடியவர் பங்குப் பணமும், பார்க்க முடியாதவர் கடன் பணமும் போட்டார்கள். கொள்கை எழுதப்படுவதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே அதன் நடைமுறை செட்டிநாட்டில் இருந்தது.

ஒன்றை மட்டும் இக்கொள்கையாளர் போதிய அளவு கவனிக்கவில்லை. முதலாளியின் பொறுப்புக்கு எல்லை கிடையாது. விலாசம் நொடித்தால் வீடு, நிலம், நகை யாவும் போகும். அதற்கு மேல், பெண் கொடுப்பாரும் இரார். ஆச்சி நிம்மதியாக இருந்ததற்குக் காரணம் வட்டி குறித்திருந்தது மட்டுமன்று. தவறினால் யாருடைய வாசலில் போய் நிற்பது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ரட்னரின் நூல்

இந்த உட்செய்திகளைத் திரட்டித் தந்தவர்களில் டேவிட் ரட்னர் முதன்மையானவர். காலனி ஆட்சிக்கால இந்தியாவில் சாதியும் முதலாளித்துவமும் என்ற பொருளில் அவர் எழுதிய நூலை கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 1994-இல் வெளியிட்டது. நகரத்தார் வெறும் வட்டிக்கடைக்காரர்கள் அல்லர், உண்டியலும் டெபாசிட்டும் கொண்ட பாங்கியர் என்று அவர் நிலைநாட்டியது பெரும் பணி. கோயிற்பிரிவு, திருமண உறவு, மகமை ஆகியவற்றைச் சமயச் சடங்குகளாக மட்டும் காணாமல், பணத்தை நம்பி ஒப்படைப்பதற்கான கட்டுக்கோப்பாக அவர் கண்டார். சாதி என்பது முன்னேற்றத்துக்குத் தடை என்று எழுதிவந்த மேனாட்டு ஆசிரியர்களுக்கு அது தக்க மறுப்பு.

ஆனால் நூலின் பார்வை கடன் கொடுத்தவர்களுடைய வீட்டுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. முதலாளி மேலாளை எப்படிப் பார்த்தார், பங்காளி முதலாளியை எப்படிப் பார்த்தார் என்பதற்கெல்லாம் விரிவான விடை உண்டு. மேலாள் பர்மிய விவசாயியையும் மலாய்க்காரரையும் எப்படிப் பார்த்தார்? அங்கேதான் இந்த அமைப்பின் குறை இருந்தது. சாதிக்குள் கண்காணிப்பு எவ்வளவு நெருக்கமோ, சாதிக்கு வெளியே அவ்வளவு தளர்ச்சி. பங்காளியிடம் நாணயத்தைப் பார்த்தவர்கள், விவசாயியிடம் நிலப்பட்டாவைப் பார்த்தார்கள்.

ஈடு கையில் இருக்கும்போது கடன் வாங்கியவன் என்ன பயிரிடுகிறான், எப்படிச் செலவழிக்கிறான் என்று பார்ப்பதற்குக் கடன் கொடுத்தவனுக்கு ஊக்கம் இருப்பதில்லை. நிலத்தின் விலை கடனைவிட அதிகமாயிருந்தால் போதும். பர்மாவில் 1929–30-இல் நடந்த பாங்கித் தொழில் விசாரணைக் கமிட்டி, செட்டியார்கள் அந்நாட்டில் போட்டிருந்த பணத்தைச் சுமார் 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. கடைகள் ஏறத்தாழ 1,650. ஐராவதிப் படுகையின் நெல் வயல்கள் இப்பணத்தால் விரிந்தன என்பது மெய். ஆனால் அத்தனை கடனும் ஒரே பயிரின் விலையில் தொங்கிக்கொண்டிருந்தது. 1930-க்குப் பின் நெல் விலை சரிந்தபோது ஒரு விவசாயி மட்டும் தவறவில்லை. எல்லோரும் ஒருசேரத் தவறினார்கள். நிலத்தின் விலையும் உடன் விழுந்தது. டயமண்டின் “ஒன்றோடொன்று தொடர்பில்லாத” கடன்கள் என்ற அடித்தளம் அங்கே இல்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட கடைகளும் ஆயிரக்கணக்கான கடனாளிகளும் இருந்ததால் ஆபத்து பிரிந்து கிடப்பதாகத் தோன்றியது. கடன்கள்தாம் ஆயிரம், ஆபத்து ஒன்றே.

பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் 13-இல், 1930-இல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார் கையில் இருந்தது. 1938-க்குள் அது ஏறத்தாழ 25 சதவீதமாயிற்று. அவர்கள் அந்நிலத்தை விரும்பி வாங்கவில்லை; பணம் வராததால் நிலம் வந்தது. கடன் கொடுத்தவர் விருப்பமின்றியே பங்குக்காரர் ஆன கதை இது! நெல் விளைவிக்கத் தெரியாத பங்குக்காரர். கிராமத்தில் வசிக்காத பங்குக்காரர். அதன் அரசியல் விளைவு 1948-ஆம் ஆண்டு நிலங்களை நாட்டுடைமையாக்கும் சட்டமாக வந்தது. மலாயாவிலும் இதே பாதைதான், ஆனால் அரசாங்கம் முந்திக்கொண்டது. மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் 1913-இல் வந்திருந்தது. 1933-இல் அதைத் திருத்தி, அந்நிலங்கள் மலாய்க்காரரல்லாதார் கைக்கு ஈடாகவும் போகாதபடி தடுத்தனர். செட்டியார் தரப்பில் இது அநீதி என்று பேசப்பட்டது. நிலத்தை இழந்த குடும்பத்தின் தரப்பிலிருந்து பார்த்தால் வேறு விதமாகத் தோன்றும்.

இலங்கையின் அனுபவம் இன்னும் கூர்மையானது. கொழும்பிலிருந்த ஐரோப்பியப் பாங்கிகள் செட்டியார்களுக்குக் கடன் கொடுத்தன. அவர்களுடைய நிலையை அறிய அந்தப் பாங்கி அதிகாரிகளுக்கு மொழியும் தெரியாது, வழியும் கிடையாது. ஆகவே ஷ்ராப் என்னும் இடையாள் ஒருவரை நியமித்து, அவர் ஜாமீனின் பேரில் கொடுத்தன. கண்காணிப்பை அவ்வாறு கைமாற்றிவிட்ட பின், பாங்கி நிம்மதியாக உறங்கிற்று. 1925-இல் பெரிய விலாசம் ஒன்று நொடித்தபோது ஒரு ஷ்ராப்பின் சொத்து எத்தனை கடன்களைத் தாங்கும் என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது. பாங்கிகள் பின்வாங்கின, சிறு வியாபாரிகளும் தோட்டக்காரர்களும் தவித்தனர். 1934-இல் அறிக்கை அளித்த இலங்கை பாங்கித் தொழில் கமிஷன் இவற்றையெல்லாம் ஆராய நேர்ந்தது.

கண்காணி என்ற நம் சொல்லே தோட்டங்களில் கங்காணி ஆயிற்று. வேலைக்கு வந்த ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று தலைக்காசு பெற்றவர் அவர். தலைகளை எண்ணுவதற்குக் கூலி கொடுத்தால், காண்பவர் தலைகளைத்தான் காண்பார். அத்தலைக்குரியவன் காய்ச்சலில் கிடக்கிறானா என்பது கணக்கில் வராது. ஷ்ராப்பின் நிலையும் இதற்கு வெகுதூரமில்லை.

பெயரறியாதார் பணம்

மந்தநிலைக்குப் பின் செட்டியார்களிலேயே சிலர் வேறு வழி தேடினர். எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937-இல் இந்தியன் ஓவர்ஸீஸ் பாங்கைத் தொடங்கினார்; காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்றிடங்களிலும் ஒரே நாளில் கிளைகள் திறக்கப்பட்டன. முதலாளியின் எல்லையற்ற பொறுப்பு போய், கம்பெனிச் சட்டத்தின் எல்லைக்குட்பட்ட பொறுப்பு வந்தது. சாதிக்கு வெளியேயிருந்தும் டெபாசிட் வாங்க முடிந்தது என்பது இலாபம். யாருடைய வாசலில் போய் நிற்பது என்ற விடை மறைந்தது நஷ்டம். அந்த வெற்றிடத்தைச் சட்டமும், ரிசர்வ் பாங்கும், பரிசோதகர்களும் நிரப்ப வேண்டியதாயிற்று.

அவர்கள் நிரப்பத் தவறும்போது நடப்பதற்குச் சிங்கப்பூரிலேயே அண்மைக்கால எடுத்துக்காட்டுகள் இரண்டு. ஹைஃபிளக்ஸ் என்னும் தண்ணீர்ச் சுத்திகரிப்புக் கம்பெனி 2011-இல் முன்னுரிமைப் பங்குகளையும், 2016-இல் தவணையற்ற கடன் பத்திரங்களையும் பொதுமக்களுக்கு விற்றது. இரண்டுக்கும் ஆண்டுக்கு 6 சதவீதம். இரண்டாவது வெளியீட்டில் மட்டும் 50 கோடி வெள்ளி திரண்டது. பாங்கிகளின் பணப்பொறியில் பொத்தானை அழுத்தியே பத்திரத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்ற வசதி. 2018 மே மாதம் கம்பெனி நீதிமன்றப் பாதுகாப்பை நாடியபோது, ஏறத்தாழ 34,000 சிறு முதலீட்டாளர்களின் 90 கோடி வெள்ளி சிக்கியிருந்தது. பலர் ஓய்வுக்காலச் சேமிப்பைப் போட்டவர்கள். 2021-இல் கம்பெனியைக் கலைக்க நீதிமன்றம் உத்தரவிட்டது.

இப்பத்திரங்களின் தன்மையைக் கொள்கையின் கண்கொண்டு பார்த்தால்தான் தவறு எங்கே என்பது புலப்படும். பங்குக்காரருக்கு ஓட்டு உண்டு. பிடிக்காத இயக்குநரை நீக்க முயலலாம். கடன் கொடுத்தவருக்குத் தவணை நாள் உண்டு. அன்று பணம் வராவிட்டால் கதவைத் தட்டலாம். தவணையற்ற பத்திரம் வைத்திருப்பவருக்கு ஓட்டும் இல்லை, தவணை நாளும் இல்லை. பங்கின் ஆபத்தும் கடனின் சிறு வருமானமும் ஒன்றாகச் சேர்ந்து, இரண்டின் கண்காணிப்புக் கருவிகளும் விடுபட்டுப்போன ஒரு பத்திரத்தை, கண்காணிக்கச் சக்தியே இல்லாத 34,000 பேரிடம் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். குறித்த வட்டி என்பதைக் கண்டு, ஆச்சியின் மேம்பணம் போன்றது என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். ஆச்சிக்கு முதலாளியின் வீடு தெரியும்.

சிறியோருக்குக் கண்காணிக்கத் தெரியாது, பாங்கிகளுக்குத் தெரியும் என்று சொல்வார்கள். அதற்கு மறுப்பாக 2020-இல் ஹின் லியோங் விவகாரம் வெளிவந்தது. 1963-இல் தொடங்கிய அந்த எண்ணெய் வியாபாரக் கம்பெனி ஒரு குடும்பத்தின் சொத்து. பங்குச் சந்தையில் இல்லை. பிறர் பணம் முழுவதும் கடன். இருபதுக்கும் மேற்பட்ட பாங்கிகளுக்குச் சுமார் 385 கோடி அமெரிக்க டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. பல ஆண்டுகளில் நேர்ந்த சுமார் 80 கோடி டாலர் நஷ்டத்தைக் கணக்கில் காட்டாமல் மறைத்ததையும், பாங்கிகளுக்கு ஈடாயிருந்த எண்ணெயை விற்றதையும் நிறுவனர் லிம் ஊன் குயின் தாமே ஒப்புக்கொண்டார். ஒரு பாங்கியை ஏமாற்றிய குற்றத்துக்காக 2024 நவம்பரில் நீதிமன்றம் அவருக்கு 17½ ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

ஜென்சனும் மெக்லிங்கும் சொன்ன சூதாட்ட ஆபத்து அப்படியே நடந்தேறியிருக்கிறது. நொடிப்பது தங்கள் பணம் என்றறிந்த பாங்கிகள் ஏன் தொட்டியில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கவில்லை? விடை டயமண்ட் கேள்வியிலேயே இருக்கிறது. ஆயிரம் சேமிப்பாளர்களின் இடத்தில் இருபது பாங்கிகள். ஒவ்வொன்றும் மற்றது பார்த்திருக்கும் என்று நினைக்க இடமிருந்தது. செல்வாக்குள்ள வாடிக்கையாளரிடம் அதிகம் கேள்வி கேட்கும் பாங்கி, அந்த வியாபாரத்தைக் கேள்வி கேட்காத பாங்கியிடம் இழந்துவிடும். மார்க்கெட் ஸ்திரீட் கூடத்தில் அடுத்த பெட்டிக்காரரின் பேச்சு காதில் விழுந்தது போல, இருபது பாங்கிகளின் காதிலும் ஒன்றன் பேச்சு மற்றொன்றுக்கு விழ வழி இல்லை. இதற்குப் பின்னரே ஒரே சரக்கின் பேரில் இருமுறை கடன் வாங்குவதைக் கண்டுபிடிக்கப் பொதுப் பதிவேடு ஒன்று வேண்டுமென்று சிங்கப்பூர்ப் பாங்கிகள் முனைந்தன.

சிறு கடனாளி விஷயத்தில் அத்தகைய பதிவேடு எளிதாகவே ஏற்பட்டுவிட்டது. உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் மாதம் 4 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக் கூடாதென்று 2015 அக்டோபரிலிருந்து விதி வந்தது. வட்டியும் அபராதமும் மற்றக் கட்டணங்களும் சேர்ந்து அசலைத் தாண்டக் கூடாதென்பது இன்னொரு விதி. வட்டி அசலுக்கு மேற்படலாகாது என்னும் பழைய இந்து தர்ம சாஸ்திரத்தின் தாம்துபட் விதிக்கு இது அண்ணன் தம்பி போன்றது. ஜாலான் புசார் பக்கம் சில நூறு வெள்ளி கைமாற்று வாங்கும் தொழிலாளி எந்தக் கடையில் எவ்வளவு வாங்கியிருக்கிறான் என்பதை அடுத்த கடைக்காரர் ஒரு பதிவேட்டில் பார்த்துவிட முடியும்.